பன்னிரண்டு வயதுக்காரிக்கு ஒரு மான் துப்பாக்கி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. மான் கறி என்ன, எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. நான் பார்த்த மான்களெல்லாம் மிருகக்காட்சி சாலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் மகளின் பாப்கார்ன் பொட்டலத்தை ஏக்கமாகப் பார்த்தவை. அப்படிப்பட்ட நான்தான் இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு, மான் வேட்டைக்கு எந்த அளவுத் துப்பாக்கி வாங்குவது என்று குழம்பிய அமெரிக்கர்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தேன். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும் கொஞ்ச நாள் சிரிப்பாகத்தான் இருந்தது.

கல்யாணமாகி கோவில்பட்டியிலிருந்து குகட்பள்ளிக்கு நான் வந்தது தொண்ணூற்றொன்பதில். கணவருக்குப் பொட்டி தட்டுகிற வேலை. எனக்கு எம்.எஸ்சி. இயற்பியல், கல்லூரியில் முதல் இடம். அந்த முதல் இடத்தை வைத்துக்கொண்டு ஹவுசிங் போர்டு காலனியின் மூன்றாவது மாடியில் எட்டு வருஷம் டிபன் பாக்ஸ் கட்டினேன். மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். வேலைக்குப் போகிறேன் என்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் ஒரே பாட்டைப் பாடுவார்.

"எட்டு வருஷம் சும்மா இருந்தவளுக்கு எவன் வேலை குடுப்பான்?"

சும்மா இருந்தேனாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அவருக்குச் சொல்லாமல் நாலைந்து இடங்களில் மனுப் போட்டேன். பேகம்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி கூப்பிட்டது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள், எழுதினேன், எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாத ஒப்பந்தம். வேலை சரியாக இருந்தால் அதற்குப் பிறகு நிரந்தரம்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி, ஆறு மாசம் பாப்போம். நிரந்தரம் பண்ணலைன்னா பேசாம விட்டுறணும். பாப்பா படிப்பு போயிரும்" என்றார். பெரிய மனசு பண்ணி எனக்கு ஆறு மாதம் கொடுத்தார். அன்றிலிருந்து என் கண்ணுக்கு முன்னால் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: செப்டம்பர் முடிவதற்குள் அந்த நிரந்தரக் கடிதம் என் கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் திரும்ப மூன்றாவது மாடி, திரும்ப டிபன் பாக்ஸ், இந்தத் தடவை சாகும்வரைக்கும்.

வேலை இதுதான். அமெரிக்காவில் வேட்டைச் சாமான்கள் விற்கிற ஒரு கடை. அதன் இணையதளத்தில் 'எங்கள் நிபுணரிடம் கேளுங்கள்' என்று ஒரு பகுதி. வெள்ளைத் தாடி வைத்து, ஆரஞ்சுச் சட்டை போட்டு, மரத்தில் சாய்ந்து நிற்கிற ஒரு கிழவரின் படம். முப்பது வருஷமாக மான் வேட்டையாடுகிறவர் என்று கீழே எழுதியிருக்கும். அவருக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள், அது இங்கே எதற்கு. அமெரிக்க வாடிக்கையாளர்கள் தங்கள் பகலில் கேள்வி அனுப்புவார்கள். அவர்கள் தூங்குகிற நேரம் எங்களுக்குப் பகல், நாங்கள் பதில் எழுதிவிடுவோம். நாங்கள் என்றால் நானும் இன்னொரு பெண்ணும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தத் தாடிக்காரர்.

அந்தப் பெண் மல்காஜ்கிரிக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுடைய பாட்டன் காலத்திலேயே ரயில்வே வேலைக்கு வந்து செகந்திராபாத்தில் நிலைத்துப்போன தமிழ்க் குடும்பம். அவள் பேசுகிற தமிழில் பாதி இந்த ஊர்க்காரர்களுடையது: எதற்கு என்பதற்கு 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. முதல் நாளே எனக்கு மேலாளரைவிட நன்றாகப் பாடம் சொன்னவள் அவள்தான்.

"அக்கா, ஒவ்வொரு பதில்லயும் சொந்த அனுபவம்னு ஒரு லைன் வெக்கணும். வெக்கலைன்னா மார்க் கட்."

"எனக்கு ஏது சொந்த அனுபவம்?"

"கைக்கு டென்ஷன்? நான் நேத்து ஒரே நாள்ல மூணு மான் அடிச்சேன். ஒண்ணு பனியில, ரெண்டு சோளக் காட்டுல."

அவள் விளையாட்டாகச் சொன்னாலும் விதி அதுதான். வாடிக்கையாளர்கள் அட்டவணையை நம்ப மாட்டார்கள், மனிதரைத்தான் நம்புவார்கள் என்று பயிற்சித் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆகவே நானும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் ஒரு வரி எழுதக் கை கூசியது. மூன்றாவது வாரம் தாடிக்காரருக்கு மூட்டுவலி கொடுத்தேன், ஒரு பழைய டிரக் கொடுத்தேன், செத்துப்போன ஒரு நாயைக்கூடக் கொடுத்தேன்.

இவ்வளவு எரிச்சலிலும் ஒன்றை மறைக்க மாட்டேன், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. துப்பாக்கி என்றால் அதுவரை எனக்குத் தெரிந்தது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற த்ரீ நாட் த்ரீ மட்டும். காலிபர் என்பது தோட்டாவின் தடிமன், அதை அங்குலத்தில் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். 243 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருநூற்று நாற்பத்து மூன்று பங்கு. கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. 30-06 என்பதில் முப்பதுதான் தடிமன், அங்குலத்தில் நூற்றில் முப்பது பங்கு, 243-ஐவிடப் பெரிது; ஆறு என்பது அது வந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. மற்றதெல்லாம் நான் படித்த பாடம்தான். தோட்டாவின் எடை, வேகம், ஆற்றல். முன்னால் போகிற தோட்டா எவ்வளவு தள்ளுகிறதோ அதே அளவு துப்பாக்கி பின்னால் வந்து தோளை உதைக்கும். எட்டு வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த மூளை ஓட ஆரம்பித்தது. எந்தத் தோட்டா எத்தனை கஜத்தில் எவ்வளவு இறங்கும், எது எவ்வளவு உதைக்கும் என்று நானே கணக்குப் போட்டு அட்டவணை தயாரித்தேன். அதை அமெரிக்கக் கடைக்காரர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மேலாளர் என் மேசைக்கு வந்து கைகொடுத்தார். வீட்டில் சொன்னேன். கணவர் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த சிநேகிதர்களிடம், "எம் பொண்டாட்டி இப்ப மான் சுடுதா, பாத்துப் பேசுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய் அப்பளம் பொரித்தேன்.

ஜூன் மாதம் அந்தக் கடிதம் வந்தது. ஒரு தகப்பன் எழுதியிருந்தார். மனைவி இல்லை, அவரும் மகளும்தான். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மெலிந்த உடம்பு. வருகிற நவம்பரில் முதல் தடவையாக மான் வேட்டைக்குக் கூட்டிப்போக வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து செய்ய அவர்களுக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதானாம். ஒரு துப்பாக்கிதான் வாங்கித் தர முடியும், அதற்குமேல் வசதி இல்லை. 243 வாங்கவா, 30-06 வாங்கவா என்பது கேள்வி. பிள்ளை மடமடவென்று வளர்கிறாள் என்றும் எழுதியிருந்தார்.

இதற்கு விடை எனக்குத் தெரியும். கம்பெனி கொடுத்த தாளிலும் இருந்தது: சிறுவர்களுக்கு 243. நான் போட்ட கணக்கிலும் இருந்தது: 30-06 அதைப்போல இரண்டு மடங்கு உதைக்கும். இவ்வளவும் தெரிந்துதான் எழுதினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முந்தின நாள் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துக் கூட்டத்தில் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தேன். ஷூ இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினேன், முன்னால் பஞ்சு அடைத்துக்கொள்ளலாம். சீருடைப் பாவாடை முட்டிக்குக் கீழே தொங்கியது, மடித்துத் தைத்து வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துக்கொள்ளலாம். மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பெத்தகா உந்தி மம்மி" என்றாள். பெரிதாகத்தான் இருக்கும், வளர்கிற பிள்ளைக்கு யாராவது அளவாக வாங்குவார்களா? என் அம்மா எனக்கு அப்படித்தான் வாங்கினாள். காலனியில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அளவாக வாங்குகிறவளை ஊதாரி என்பார்கள்.

அந்தப் புத்தியோடு உட்கார்ந்து தகப்பனுக்குப் பதில் எழுதினேன். '243 இரண்டே வருஷத்தில் அவளுக்குச் சின்னதாகிவிடும். ஒரே ஒரு துப்பாக்கிதான் என்றால் 30-06 வாங்குங்கள். முதலில் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், வளர வளரச் சரியாகிவிடும்.' துப்பாக்கி என்ன பாவாடையா, மடித்துத் தைக்க? அது அப்போது உறைக்கவில்லை. சொந்த அனுபவ வரி ஒன்று வேண்டுமே, அதையும் எழுதினேன். 'என் மகளுக்கும் பன்னிரண்டு வயதில் இதையேதான் வாங்கிக் கொடுத்தேன். இன்றுவரை அவளுக்கு வேறு துப்பாக்கி தேவைப்படவில்லை.' அந்தப் பதிலுக்கு எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

செப்டம்பர் கடைசியில், விநாயகர் ஊர்வலத்தில் பாதி ஊர் நின்றுபோய் நான் தாமதமாக ஓடிவந்த ஒரு நாள், அதே தகப்பனின் கடிதம் காத்திருந்தது. வேட்டைக்கு முன்னால் பயிற்சிக்காக மகளைச் சுடக் கூட்டிப்போயிருக்கிறார். முதல் தோட்டா. துப்பாக்கி பின்னால் எகிறி, அதன்மேல் பொருத்தியிருந்த தொலைநோக்கியின் விளிம்பு அவள் புருவத்தைப் பிளந்துவிட்டது. ஏழு தையல். படமும் வைத்திருந்தார். ஒரு கண் முழுக்க வீங்கி மூடியிருந்தது, மற்றக் கண்ணால் படம் பிடிப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டி ஒரு வார்த்தை இல்லை. 'இனி துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்கிறாள். என்னோடு எங்கேயும் வர மாட்டேன் என்கிறாள். நீங்கள் உங்கள் மகளுக்கு வாங்கியதாகச் சொன்னீர்கள், அதை நம்பித்தான் வாங்கினேன். நான் எங்கே தவறினேன் என்று சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார்.

பக்கத்து மேசையிலிருந்து மல்காஜ்கிரிக்காரி எட்டிப் பார்த்தாள், படத்தைப் பார்த்து, "அய்யய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பதில் எழுத ஆரம்பித்தேன். 'நீங்கள் எங்கும் தவறவில்லை. தவறு என்னுடையது. நான் வேட்டைக்காரன் இல்லை. எனக்கு வேட்டைக்குப் போகிற மகளும் இல்லை. நான் இந்தியாவில் இருக்கிற ஒரு பெண். உங்கள் மகளுக்கு அந்தத் துப்பாக்கி பெரிது என்று எனக்குத் தெரிந்திருந்தது. என்னை மன்னியுங்கள்.' ஆறு மாதத்தில் நான் எழுதியதில் உண்மையான பதில் அது ஒன்றுதான்.

அவள் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நக்கோ அக்கா. அனுப்பாதீங்க. உங்க வேலை போயிடும், என் வேலையும் போயிடும். தாடிக்காரர் பொய்யின்னு தெரிஞ்சா கடையே போயிடும்."

"அந்தப் பிள்ளை மூஞ்சியப் பாத்தியா நீ?"

"ஹவ், பாத்தேன். நீங்க மன்னிப்புக் கேட்டா தையல் பிரிஞ்சிடுமா?"

அனுப்பியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் மேலாளர் கூப்பிட்டுவிட்டார். காயம், ரத்தம் என்ற சொற்கள் இருக்கிற கடிதம் எதுவானாலும் தானாகவே அவருக்கும் போய்விடும். விஜயவாடாக்காரர், சென்னையில் இரண்டு வருஷம் இருந்தவர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். கண்ணாடி அறைக்குள் உட்காரச் சொல்லி, தண்ணீரும் கொடுத்தார்.

"மேடம், மன்னிப்புன்னு ஒரு வார்த்தை போகக்கூடாது. அந்த ஊர்ல அது கோர்ட்டுல சாட்சி. அவர் எங்க தப்புப் பண்ணினாருன்னு அவரே கேக்கறாரு. அதைச் சொல்லுங்க போதும்."

"அவர் தப்புப் பண்ணலை சார். நான்தான் பண்ணினேன்."

"நீங்க யாரு மேடம்? பதில் சொன்னது அந்தப் பெரியவரு. அவரு தப்புப் பண்ணமாட்டாரு." மேசையிலிருந்த ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "நிரந்தரம் பண்ற லிஸ்ட் வெள்ளிக்கிழமை போகுது. உங்க பேரு முதல்ல இருக்கு. இந்த லெட்டரை முடிச்சுட்டீங்கன்னா நான் சந்தோஷமா கையெழுத்துப் போடுவேன்."

மிரட்டினாரா என்று கேட்டால், இல்லை. பாசமாகத்தான் சொன்னார். அந்தப் பாசத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். கணவர் மகளின் பரீட்சைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஹிந்தில மார்க்கப் பாத்தியா? ஒன் ஆறு மாசம் இந்த வாரத்தோட முடியுதுல்லா?"

அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எல்லாம் பழையபடி ஆகப்போகிறது என்கிற நிம்மதி. அதைக் கேட்ட நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன். தையல் போட்ட பிள்ளையை நினைத்து இல்லை, தகப்பனை நினைத்து இல்லை, இந்த மனிதன் ஜெயிக்கக் கூடாது என்று நினைத்து.

மறுநாள் காலையில் பழைய பதிலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நான் படித்த இயற்பியல் முழுவதையும் அதில் கொட்டினேன். தொலைநோக்கியைக் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் பொருத்தியிருக்கக் கூடாது. துப்பாக்கியின் அடிப்பகுதி தோளோடு இறுக அணைந்திருக்க வேண்டும், தளர்ந்திருந்தால்தான் எகிறும். முதல் நாள் உதை குறைந்த தோட்டாக்களைப் போட்டுப் பழக்கியிருக்க வேண்டும். அவள் நிற்கிற நிலையை நீங்கள் பக்கத்திலிருந்து கவனித்திருக்க வேண்டும். ஒரு வரிகூடப் பொய் இல்லை. எல்லாம் நியாயமான, நிதானமான, முப்பது வருஷ அனுபவசாலியின் எழுத்து. படித்தால் எவனுக்கும் தான்தான் குற்றவாளி என்று தோன்றும். துப்பாக்கி பெரிது என்பதை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. மேலாளர் படித்துவிட்டு, "சூப்பர் மேடம்" என்றார். பக்கத்து மேசைக்காரி எனக்கு ஒரு டீ வாங்கி வந்து வைத்தாள்.

வியாழக்கிழமை தகப்பனின் பதில் வந்தது. சண்டைக்கு வருவார் என்று நான் தயாராக இருந்தேன். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டிருந்தார். 'நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. தொலைநோக்கியை நான்தான் அப்படிப் பொருத்தினேன். அவள் தோளை நான் கவனிக்கவில்லை. உங்கள் மேல் பழி போட்டது போல எழுதிவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. மகளிடமும் இது என் தவறு என்று சொல்லிவிட்டேன்.'

அதோடு விட்டிருக்கலாம். கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. 'அவள் உங்களிடம் ஒன்று கேட்கச் சொல்கிறாள். உங்கள் மகள் முதல் தடவை சுட்டபோது அழுதாளா? அவளும் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்கிறாள்.'

ஆமாம் என்று ஒரு சொல் போதும். இல்லாத மகள்தானே, எனக்கென்ன, நாலு நாள் அழ வைக்கலாம். நாய்க்குச் சாவு கொடுத்தவளுக்கு இது பெரிய காரியமா? ஆனால் அழுதாள் என்று எழுதினால், அந்தத் துப்பாக்கி பன்னிரண்டு வயதுக்குப் பெரிதுதான் என்று தாடிக்காரரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். முந்தின நாள் நான் அடுக்கி வைத்த அத்தனையும் சரியும். மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், அனுப்பியாயிற்றா என்று கேட்கிற மாதிரி. மறுநாள் வெள்ளிக்கிழமை.

'இல்லை, அவள் அழவில்லை. உங்கள் மகளும் சீக்கிரம் தேறிவிடுவாள்' என்று எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் லிஸ்ட் போனது, சாயங்காலமே எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவர் முன்னால் டீப்பாயில் போட்டேன். அவர் எடுத்து இரண்டு தடவை படித்தார், மடித்துத் திரும்ப அங்கேயே வைத்தார். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஆறு மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வந்தபோது அது எனக்கு இனிக்கவே இல்லை.

அந்தக் கம்பெனியில் மேலும் நாலு வருஷம் இருந்தேன். பிறகு வேறு இடம், வேறு வேலை, நல்ல பேர், எல்லாம் கிடைத்தது. புருவத்தில் தையல் போட்ட அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது வயதை ஒட்டி இருக்கும். உலகத்தில் இன்னொரு பெண் அதே துப்பாக்கியைத் தூக்கி, அதே உதையை வாங்கி, கண்ணில் சொட்டுத் தண்ணீர் விடாமல் நின்றாள் என்றும், தான் ஒருத்திதான் அழுதோம் என்றும் அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.